தவிட்டோடு போகும் உயிர்ச்சத்து

(பெரிபெரி நோயைப் பற்றி நெல், மரக்கறிச் செய்கையாளர் அறிந்திருக்கவேண்டியவை)

விதைநெல்லைத் தெரிந்தெடுப்பது முதல் சூடு மிதித்துத் தூற்றி மூட்டை கட்டுவது வரை கமக்காரர் தமது நெல்லின்மீது காட்டும் கவனம் பெரிது. ஆனால் அந்த நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்தபின், அது சோறாகி இலையில் விழும் வரையுள்ள வழியில் அக்கவனத்தின் பாதியேனும் செலுத்தப்படுவதில்லை. அந்த வழியிலேதான் நெல்லின் அரிய பகுதியொன்று ஆலையிலும், அரிசி களையும் பாத்திரத்திலும், கஞ்சி வடிக்கும் சட்டியிலும் சிறிது சிறிதாகக் கைநழுவிப் போகின்றது. அப்படிப் போவது விற்றமின் பீ-1 என்னும் உயிர்ச்சத்து. தயமீன் என்பதும் அதன் பெயரே. இது குறைவதால் வரும் நோய்க்குப் பெரிபெரி என்று பெயர். அச்சொல் 'இயலாமை' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது என்று கூறுவர். எழுந்து நடக்க இயலாமற் போவதே நோயின் முக்கிய குறியாகலின் அப்பெயர் பொருத்தமானதே.

இது யாழ்ப்பாணக் குடாநாட்டில் பரவலாகக் காணப்படும் நோயன்று. அரிதாகவே வருவதனாற்றான் வரும்போது கண்டுகொள்ளப்படாமலும் போகின்றது. தோட்டத்தில் மிளகாயின் இலை மஞ்சளித்தால், அது பூச்சியாலா, நோயாலா, பசளைக் குறைவாலா என்று மருதனார்மடத்துத் தோட்டக்காரர் நின்று பார்த்துச் சொல்லிவிடுவார். தமது பாதம் விறைத்தாலோ, "நாள் முழுவதும் தண்ணீரில் நின்றதனால்" என்று சொல்லி அமைந்துவிடுவார். பயிருக்குப் பசளைக் குறைவு உண்டென்றால் மனிதனுக்கும் அத்தகைய குறைவு உண்டு.

மருதனார்மடம், இணுவில், உடுவில், சுன்னாகம் ஆகிய ஊர்களின் செம்பாட்டு நிலம் மரக்கறிக்குப் பெயர்பெற்றது. கத்தரி, மிளகாய், வெங்காயம், பூசணி, வாழைக்குலை என்று விளைவன எல்லாம் மருதனார்மடச் சந்தைக்கு வருகின்றன. அவற்றை விற்ற பணத்தில் அரிசி வாங்கப்படுகின்றது. வாங்கும்போது கண் வெள்ளையரிசியின்மீதே செல்கின்றது. காலையில் பாண், மதியம் வெள்ளைப் பச்சையரிசிச் சோறு, இரவில் கோதுமைமாப் பிட்டு என்று உண்ணும் வீடுகள் இன்று பல. கோதுமை மாவும் தவிடு நீக்கப்பட்டதே. மூன்று வேளையும் வயிறு நிறைகின்றது. மூன்று வேளையும் பெறப்படும் தயமீன் மிகச் சொற்பம். கறியும் குறைந்த வீடாயின் தீங்கு அங்கிருந்து தொடங்குகின்றது.

நெல்மணியின் அமைப்பு

நெல்லின் உமியை மட்டும் நீக்கினால் உள்ளே மங்கிய நிறமுள்ள அரிசி இருக்கும். அதனைச் சுற்றியுள்ள மெல்லிய தோலும், ஒரு முனையில் ஒட்டியிருக்கும் முளையுமே தவிடாக உதிர்வன. தயமீனில் மிகப் பெரும்பகுதி அத்தோலிலும் முளையிலும் உள்ளது. நடுவிலுள்ள வெண்மையான பகுதி பெரும்பாலும் மாச்சத்தே. உமி மட்டும் நீக்கிய 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் தயமீன் உண்டு. அதே நெல்லைப் பச்சையாகவே ஆலையில் வெள்ளையாகத் தீட்டினால் எஞ்சுவது 0.07 மில்லிகிராம் அளவே. புழுக்கித் தீட்டினாலோ 0.2 மில்லிகிராம் அளவு நிற்கும்.

வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1.2 மில்லிகிராம் தேவை, பெண்ணுக்கு 1.1, கருவுற்றவருக்கும் பாலூட்டும் தாய்க்கும் 1.4. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பவர் வெள்ளைப் பச்சையரிசியிலிருந்து பெறுவது 0.3 மில்லிகிராமுக்கும் குறைவு. அதுவும் அரிசியைக் களைவதற்கு முந்திய கணக்கு. புழுங்கலரிசியாயின் 0.8 கிடைக்கும். மிகுதியைப் பயறும் பருப்பும் மீனும் கீரையும் எளிதில் நிரப்பிவிடும். மேலும், இவ்வுயிர்ச்சத்தை உடல் நெடுங்காலம் சேமித்து வைப்பதில்லை. உடலில் இருப்பது மொத்தம் 30 மில்லிகிராம் அளவே. வரவு நின்றால் இரண்டு மூன்று கிழமைகளில் கையிருப்புக் குறைந்துவிடும். மாரியில் மழை பொய்த்த கிணற்றைப் போன்றது அது.

நெல்லைப் புழுக்குவதால் உயிர்ச்சத்து எவ்வாறு காப்பாற்றப்படுகின்றது என்று கேட்கலாம். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலுள்ள தயமீன் நீரிற் கரைந்து அரிசியின் உட்புறத்துக்குச் செல்கின்றது. சூட்டினால் மாச்சத்து இறுகிப் பசைபோலாகி அதனை உள்ளே பிடித்துக்கொள்கின்றது. பின்னர் தவிடு நீங்கினாலும் உள்ளே சென்றது நீங்குவதில்லை; களையும்போதும் அதிகம் போவதில்லை. இவ்விளக்கம் விஞ்ஞானிகளுக்குத் தெரியவந்தது பிற்காலத்தில். கிடாரத்தில் நெல் அவித்த கிழவிகள் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அவ்வேலையைச் செய்துவந்தனர். அவர்கள் கருதியது அரிசி நொறுங்காதிருக்கவும் பூச்சி பிடியாதிருக்கவுமே. உயிர் காத்தது கூடுதல் இலாபம்.

மலாயாவில் நடந்தது

இவ்வுண்மை உலகுக்கு விளங்கியதில் கடல் கடந்து சென்ற தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு. அதனை இங்கு சற்று விரிவாகக் கூறுதல் தகும்.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும், தோட்டங்களிலும் இருப்புப்பாதைகளிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. தமிழர் வசதியாக வாழ்ந்தனர் என்பதற்கில்லை. பலர் சீனரைவிட வறியர். அவர்களது குடில்களும் சிறந்தவையல்ல. நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராக இருந்த பிராடன் என்பவர் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து 1907 இல் நூலொன்று வெளியிட்டார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. மலாயர் உண்டது தம் வீட்டில் அவ்வப்போது குற்றிய அரிசி. நோய் முதல் வகுப்பாரையே பிடித்தது. பழைய வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகின்றது என்று பிராடன் கருதினார். காரணம் பிழை. ஆயினும் அரிசியின்மீது விரல் வைத்தது சரியே.

கோலாலம்பூரிலிருந்த மனநோயாளர் விடுதியில் 1905 இன் இறுதியில் வைத்தியர் பிளெச்சர் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளரை வரிசையாக நிறுத்தி ஒருவர் விட்டு ஒருவராக இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குச் சீயத்து வெள்ளையரிசியும் மற்றதற்கு இந்தியப் புழுங்கலரிசியும் ஓராண்டுக்கு மேலாக வழங்கப்பட்டன. மற்றக் கறிகள் இரு பிரிவுக்கும் ஒன்றே. வெள்ளையரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கு மேற்பட்டோர் பெரிபெரி கண்டனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவரே. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். கட்டடத்திலே குற்றமிருக்குமோ என்று நடுவில் இரு பிரிவினரையும் இடம் மாற்றிப் பார்த்தார். நோய் கட்டடத்தில் நிற்கவில்லை. அரிசியைத் தொடர்ந்து சென்றது. வாய் திறந்து சம்மதம் சொல்ல இயலாத நோயாளர்மீது இத்தகைய சோதனை நடத்த இன்று எவரும் இடங்கொடார், இடங்கொடுக்கவும் கூடாது. ஆயினும் அந்தப் பதினெட்டு உயிர்கள் விட்டுச்சென்ற பாடத்தை மறப்பது இரண்டாவது கொடுமையாகும்.

அதனையடுத்து 1907 இல் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு வைத்தியர்கள், காட்டினூடே வீதி அமைக்கச் சென்ற சாவகத் தொழிலாளர் 300 பேரை இரு பிரிவாக்கி அவ்வாறே சோதித்தனர். ஏறக்குறைய மூன்று மாதங்களில் வெள்ளையரிசிப் பிரிவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பிரிவு மாறியது. தவிட்டை நீக்குவதே தீங்கு என்பது அதன்பின் ஐயமறத் தெளிவாயிற்று.

உண்மையில் இதற்குமுன் கோழிகளே இதைச் சொல்லியிருந்தன. சாவகத்துப் பத்தாவியாவில் ஒல்லாந்த வைத்தியரான ஐக்மான் வளர்த்த சோதனைக் கோழிகள் 1889 இல் திடீரெனக் கால் மடங்கி விழத் தொடங்கின. சில மாதங்களில் தாமாகவே தேறின. விசாரித்தபோது, இராணுவ வைத்தியசாலையின் சமையலறையில் மிஞ்சிய வெள்ளையரிசிச் சோறு அக்காலத்தில் அவற்றுக்கு இடப்பட்டதென்றும், புதிதாக வந்த சமையற்காரர் இராணுவச் சோறு இராணுவமல்லாத கோழிக்கு ஆகாது என்று மறுத்துவிட்டாரென்றும் தெரியவந்தது. அச்சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவ உலகுக்குப் பேருதவியாயிற்று. தொடர்ந்து சாவகத்துச் சிறைச்சாலைகளைக் கணக்கெடுத்தபோது, தீட்டாத அரிசி வழங்கிய 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே நோய் இருந்தது. தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைகளில் 36 இல் இருந்தது. தவிட்டிலிருந்து அந்த உயிர்ச்சத்து 1926 இல் பளிங்காகப் பிரித்தெடுக்கப்பட்டது. ஐக்மானுக்கு 1929 இல் நோபெல் பரிசு கிடைத்தது.

அயலிலுள்ள இந்தியாவிலும் இதுவே கதை. பழைய சென்னை மாகாணத்தில், பச்சையரிசியைத் தீட்டி உண்ட தெலுங்குக் கரையோர மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது ஏறக்குறைய இல்லை. குன்னூர் ஆய்வுகூடத்தார் 1930களில் இதனை ஆராய்ந்து எழுதினர்.

நோயை அறிவது எப்படி?

வளர்ந்தவர்களில் நோய் மெதுவாகத் தொடங்கும். பசி குறையும், காரணமில்லாத சோர்வும் சினமும் உண்டாகும். பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சியும், பின்னர் விறைப்பும் எரிவும் தோன்றும். இவை ஒரு காலில் மட்டுமன்றி இரு கால்களிலும் ஒருங்கே தோன்றுவது கவனிக்கத்தக்கது. கெண்டைச் சதையை அழுத்தினால் நோகும். இந்நிலையில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். குந்தியிருந்து, கையால் எதையும் பற்றாமல் எழும்பச் சொல்லுங்கள். நாற்று நடவும் களை பிடுங்கவும் பழகிய உடல் இதனை எளிதிற் செய்யும். தொடையில் கையூன்றி எழவேண்டியவராயின் அவரைக் கவனிக்கவேண்டும். முற்றிய நிலையில் பாதம் தொங்கிச் செருப்புக் கழன்று விழும்.

இன்னொரு வகையில் நோய் இருதயத்தைத் தாக்கும். கால் வீங்கும், அழுத்தினால் குழி விழும். சிறிது நடந்தாலும் மூச்சு முட்டும், நெஞ்சு படபடக்கும். இது ஆபத்தான நிலை. தாமதம் ஆகாது. வேறொரு வகை மூளையைத் தாக்குவது. கண் அங்குமிங்கும் ஆடும், ஒன்று இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், நினைவு தடுமாறும். சாராயமோ கசிப்போ அருந்துபவரிடம் இவை தோன்றினால் "வெறி" என்று சொல்லித் திண்ணையில் கிடத்திவிடுவது வழக்கம். குடிப்பவர் சோற்றைத் தள்ளிவிடுகிறார். உண்ட சிறிதிலும் உள்ள தயமீனை உடல் ஏற்பதை மதுவும் தடுக்கின்றது. ஆகவே குடிப்பவருக்கே இந்த ஆபத்து அதிகம். வெறி தெளியவேண்டிய நேரத்திலும் தெளியாதவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். அவருக்கு குளுக்கோசு ஏற்றுவதற்கு முன்போ அதனுடனோ தயமீன் கொடுக்கப்படவேண்டும். குளுக்கோசு மட்டும் ஏற்றினால் இருக்கும் சிறிதளவு தயமீனும் செலவாகி நிலைமை மோசமாகலாம். ஆதலால் பல நாள் உணவின்றிக் குடித்திருந்தார் என்பதை வைத்தியரிடம் ஒளிக்காமற் சொல்லுதல் உறவினரின் கடமை. மானம் போகும் என்று மறைத்தால் உயிர் போகும்.

பாதம் விறைப்பதெல்லாம் பெரிபெரி என்று முடிவுசெய்துவிடவும் கூடாது. நீரிழிவு நோயாலும் அவ்வாறு விறைக்கும். குடாநாட்டில் அதுவே இன்று அதிகம். மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவுமே கொள்ளாத கடுஞ் சைவ உணவினருக்கு விற்றமின் பீ-12 குறைந்தாலும் விறைப்பு வரும். இவற்றைப் பிரித்தறிவது வைத்தியரின் வேலை. நோயாளர் செய்யவேண்டியது, தாம் என்ன அரிசி உண்கிறார், கறி என்ன, பத்தியம் உண்டா என்பதைத் தாமாகவே எடுத்துச் சொல்வது. கூட்டம் நிறைந்த வைத்தியசாலையில் இதைக் கேட்க வைத்தியருக்கு எப்போதும் நேரம் கிடைப்பதில்லை.

பாலுண்ணும் குழந்தை

எல்லாவற்றிலும் கொடியது பச்சிளங் குழந்தைக்கு வரும் பெரிபெரி. தாயின் உடலில் தயமீன் குறைந்தால் பாலிலும் குறையும். தாய் நலமாக நடமாடுவார். கால் விறைப்பு என்று சொல்லுமளவுக்கும் அவருக்கு ஒன்றும் இராது. குழந்தை கொழுகொழுவென்றே இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதமான குழந்தை திடீரெனப் பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், ஓயாது அழும். மூச்சு விரைவாகும், உதடு நீலம் பாரிக்கும். சில குழந்தைகளுக்குக் குரல் அடைத்துவிடும். வாய் திறந்து அழுகின்றது, முகம் சிவக்கின்றது, ஆனால் சத்தம் வருவதில்லை. இந்தக் குரலற்ற அழுகையைக் கண்டால் ஒரு நாழிகையும் தாமதித்தல் ஆகாது. சளிச்சுரம் என்று எண்ணிப் பார்வை பார்த்துக்கொண்டிருக்கும் சில மணி நேரத்திலேயே இருதயம் சோர்ந்து குழந்தை இறந்துவிடக்கூடும்.

இது பழங்கதையன்று. காசுமீரத்தின் சிறீநகரில் 2010களிலும் இத்தகைய குழந்தைகள் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டன. தாய்மார் உண்டது பலமுறை கழுவிய தீட்டிய அரிசி. பிள்ளைப்பேற்றுக்குப்பின் வழக்கப்படி பல உணவுகள் அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. காரணம் புலப்பட்டு வைத்தியர்கள் தயமீன் ஊசி ஏற்றியபோது, சாகக் கிடந்த குழந்தைகள் சில மணி நேரத்தில் கண் திறந்து பால் குடித்தன. இத்தனை விரைவில் பலன் தரும் மருந்துகள் மிகச் சிலவே.

ஆகவே பிள்ளை பெற்ற வீடுகளில் பத்தியத்தைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்துச் சரக்குக்கறி நல்ல உணவே. மிளகு, மல்லி, நற்சீரகம், உள்ளி சேர்ந்து மீனோடு சமைக்கப்படும்போது அதிற் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் மீன் வாங்க வசதியில்லாத வீட்டில், 'கிரந்தி', 'வாய்வு' என்று பருப்பையும் பயற்றையும் கீரையையும் ஒவ்வொன்றாக விலக்கி, வெள்ளைச் சோறும் மிளகுத்தண்ணீரும் மட்டுமே தாய்க்கு மிஞ்சுமாயின் அது பத்தியமன்று, பட்டினியே. வெள்ளையரிசியை விலக்குவதே அவளுக்கு உகந்த பத்தியம். தாய்மாருக்கு வழங்கப்படும் திரிபோசாவைத் தாயே உண்ணவேண்டும். அதை உருண்டையாகப் பிடித்து வீட்டிலுள்ளோர் எல்லோருக்கும் பங்கிடும் தாராளம் இவ்விடயத்தில் வேண்டாம். கருவுற்ற காலத்தில் இடைவிடாது வாந்தி எடுக்கும் பெண்ணுக்கும் இக்குறை விரைவில் வரும். அவரைப் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே கூறவேண்டும்.

சிகிச்சையும் உணவும்

குறை சிறிதாயின் மாத்திரையே போதும். வழக்கமாக முதற் கிழமையில் நாளொன்றுக்கு 10 மில்லிகிராமும், பின்னர் ஆறு கிழமைகளுக்கேனும் 3 முதல் 5 மில்லிகிராமும் கொடுக்கப்படும். மூச்சு முட்டு, வீக்கம், தடுமாற்றம் உள்ளவருக்கும் குழந்தைக்கும் வைத்தியசாலையில் ஊசி மூலம் ஏற்றவேண்டும். வீட்டு வைத்தியம் இவர்களுக்கு ஆகாது. இருதயம் சார்ந்த குறிகள் ஒரு நாளிலேயே தணியத் தொடங்கும். கால் நரம்பு தேறுவதற்கு மாதங்கள் செல்லும், பொறுமை வேண்டும். சிறுநீர் அதிகம் போக்கும் மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்ளும் இருதய நோயாளரும், வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவரும் இதுபற்றித் தமது வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

மீண்டும் வராதிருக்க வழி கிடாரத்தில் இருக்கின்றது. வீட்டு நெல்லைப் புழுக்கும் வழக்கத்தைக் கைவிடாதிருக்கவேண்டும். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டால் புளித்த மணம் ஏறும். அம்மணத்துக்கு அஞ்சியே இளையோர் பலர் புழுங்கலை வெறுக்கின்றனர். கை பொறுக்காத சூடுள்ள நீரை நெல் மூழ்க ஊற்றி மூடிவைத்தால் சில மணி நேரத்தில் நெல் ஊறிவிடும், மணமும் வராது. பின்னர் நீரை வடித்து, உமி வெடிக்கும் பதம்வரை ஆவியில் அவித்து இறக்கலாம். முதலில் வெயிலிலும், பின்னர் நிழலிலும் உலர்த்தினால் அரிசி வெடிக்காது. ஆலைக்குக் கொண்டுசென்றால் ஒருமுறை மட்டும் தீட்டித் தரும்படி கேட்கவேண்டும். வெள்ளையாக்குவது ஆலைக்காரர் செய்யும் உபசாரம். அவ்வுபசாரத்தை மறுப்பதில் தவறில்லை. சிவப்பு நெல்லாயின் அரிசியில் சிவப்புக் கோடுகள் நிற்கின்றனவா என்று பார்த்தாலே தவிடு நிற்கின்றதா என்பது தெரிந்துவிடும். சிவப்பு முற்றும் போன சிவப்பரிசி வெறும் பெயரளவிலேயே சிவப்பரிசி. தவிடு நிற்கும் அரிசி நெடுநாள் வைத்தால் எண்ணெய்ச் சிக்கு மணம் பிடிக்கும். ஆதலால் நெல்லாகவே சேமித்து, இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் அவ்வப்போது குற்றிக்கொள்வது சிறந்தது.

பச்சையரிசியே விரும்புவோர் அரிசியை ஐந்தாறு தடவை பிசைந்து கழுவுவதை நிறுத்தவேண்டும். கழுவுவதாலேயே எஞ்சிய தயமீனில் பாதிவரை போய்விடும். கல் பொறுக்கிச் சுளகிற் புடைத்த அரிசிக்கு ஒருமுறை அலசல் போதும். அளவாக நீர் வைத்து வற்றவிடுதல் நன்று. வடித்தால் கஞ்சியைக் கொட்டக்கூடாது. உப்பிட்டுக் குடித்த அக்கஞ்சி இப்போது பல வீடுகளில் மாட்டுத் தொட்டிக்குப் போகின்றது. தவிடும் அங்கேதான் போகின்றது. மாடு கொழுத்திருப்பதில் வியப்பில்லை! குடாநாட்டின் கூழ் இவ்வகையிலும் சிறந்தது. மீன், முருங்கையிலை, பயற்றங்காய், பலாக்கொட்டை யாவும் ஒரே பானையில் வேகின்றன. ஒரு துளி நீரும் வெளியே ஊற்றப்படுவதில்லை.

கடலையோ பயறோ விரைவில் வேகவேண்டும் என்று அப்பச்சோடா இடும் வழக்கம் தீயது. சோடா தயமீனை அழித்துவிடும். முதல் நாள் இரவே ஊறவைத்தால் சோடா வேண்டியதில்லை. சாப்பிட்டவுடன் கடுந்தேநீர் அருந்துவதும் வெற்றிலைபாக்குப் போடுவதும் உடல் தயமீனை ஏற்பதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் கழித்து அவற்றைக் கொள்ளலாம். வெற்றிலையை விடச் சொன்னால் கேட்பவர் இல்லை. பிந்திப் போடச் சொன்னால் சிலராவது கேட்பர்.

தயமீன் நிறைந்த மற்ற உணவுகள் எவையும் கொழும்பிலிருந்து வரவேண்டியவையல்ல. பயறு, உழுந்து, கௌபி, கச்சான், எள், குரக்கன் யாவும் இம்மண்ணிலேயே விளைபவை. ஐம்பது கிராம் பயற்றில் ஏறக்குறைய 0.3 மில்லிகிராம் தயமீன் உண்டு; ஒரு பிடி கச்சானில் 0.2 அளவு. நல்லெண்ணெய் எடுத்தபின் தயமீன் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும்; எள்ளை எள்ளாகவே உண்ணும் எள்ளுருண்டை குழந்தைகளுக்கு நல்ல பண்டம். கிழமையில் இரண்டு மூன்று இரவுகளில் கோதுமைமாப் பிட்டுக்குப் பதிலாகக் குரக்கன் பிட்டு அவித்தால் அதுவே பெரிய மாற்றம்.

காலபோக நெல் தை, மாசியில் அறுவடையானதும் வயலில் எஞ்சியுள்ள ஈரத்தைக்கொண்டு பயறோ எள்ளோ விதைப்பது இப்பகுதியின் பழைய முறை. பயறு இரண்டு மாதம் சிறிது கடந்ததும் பறிப்புக்கு வரும். மண்ணுக்கும் தழைச்சத்துச் சேர்க்கும். வயல் முழுவதும் விதைக்க வசதியில்லாதோர், வீட்டுத் தேவைக்கென இரண்டு பரப்பு ஒதுக்கினாலும் போதும். தோட்டம் மட்டும் உள்ளவர்கள் வெங்காயம் கிண்டிய பாத்தியில் ஒரு போகம் பயறோ கௌபியோ இடலாம். சந்தைக்கு அனுப்புமுன் வீட்டுக்கு வேண்டிய பங்கை எடுத்துவைக்கவேண்டும். விலை நல்லதாக இருக்கும் நாட்களில் இது மறந்துபோவதுண்டு.

வளவில் கோழி வளர்ப்போருக்கு ஒரு குறிப்பு. அடைத்து வளர்க்கும் கோழிகளுக்கு மிஞ்சிய வெள்ளைச் சோற்றையும் குறுணலையும் மட்டும் இட்டுவந்தால் அவையும் கால் மடங்கிக் குந்தியிருந்து, தலையைப் பின்னே வளைத்து வானத்தைப் பார்த்தபடி கிடக்கும். சாவகத்தில் ஐக்மான் கண்டதும் இதனையே. கோழிக்கு வரும் தொற்றுநோயொன்றிலும் கழுத்து இவ்வாறு முறுகும். ஆதலால் கால்நடை வைத்தியரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளவேண்டும். தயமீன் குறைவே காரணமாயின், அன்றன்று ஆலையிலிருந்து பெற்ற புதிய தவிட்டைத் தீவனத்திற் கலந்து கொடுக்கவேண்டும். விழுந்து உண்ணமாட்டாத கோழிக்கு வைத்தியர் தரும் தயமீன் மருந்தை நீரிற் கரைத்துப் பருக்கவேண்டும். பழைய, சிக்குப் பிடித்த தவிடு உதவாது. அத்துடன் அதே சோற்றை வீட்டில் யார் யார் உண்கின்றனர் என்பதையும் அன்றே பார்த்துக்கொள்வது நல்லது.